பிளக்கு மேல பழி போடாத, தம்பி

வா தம்பி, உக்காரு. மொரிஸ் மைனர் வாங்கியிருக்கியாமே, மஹய்யாவ பூரா அதே பேச்சு. 1 ஸ்ரீ நம்பர், 948 இஞ்சின், பச்சை பெயின்ட். விலையை நீ யாருக்கும் சொல்லலியாம். உங்க அம்மா மூஞ்சியைப் பாத்தாலே விளங்குது. இப்ப அது மேட்டுல திக்குதாம். பிளக்குதான் காரணம்னு நீயே தீர்ப்புச் சொல்லி, இரிடியம் பிளக்கு நாலு வாங்கிட்டியாம். நல்ல சாமான். கார்ல போடவா, உன் கல்யாணத்துக்குத் தாலியில கோக்கவா?

கோவிச்சுக்காத. பழைய கார் வாங்கினவனைக் கிண்டல் பண்ண இந்த ஊர்ல எங்களுக்கு உரிமை இருக்கு. கண்டியில வாழ்ந்தவன் பெரும்பாலும் கடைசியா வந்து சேர்ற இடம் நம்ம மஹய்யாவ சுடுகாடு. மனுசன் வரலாம், வரட்டும். காரைத் தள்ளிக்கிட்டு வந்தாத்தான் எங்களுக்குச் சிரிப்பு வரும்.

முதல்ல ஒன்னு விளங்கிக்க. இந்த நாட்டுல பழைய கார் இத்தனை ஓடுறது பழமை மேல உள்ள பாசத்தால இல்ல. 1970-க்கு அப்புறம் இறக்குமதியை இறுக்கிப் பூட்டினாங்க, 1977-லதான் திறந்தாங்க. நடுவுல இருந்த காரைத்தான் ஓட்டியாகணும். ஒஸ்டின், மொரிஸ், ஹில்மன், போக்ஸ்வேகன், பேஜோ எல்லாம் அப்படிப் பொழைச்சதுதான். 2020 மார்ச்ல மறுபடியும் வாகன இறக்குமதியை நிப்பாட்டி, 2025-லதான் கார்க்காரனுக்குக் கதவு திறந்தாங்க. உன் பச்சைக் காருக்கு அந்த விலை வந்ததும் அதாலதான். அழகால வந்துச்சுன்னு நீ நினைச்சுக்க, எனக்கென்ன.

அந்த ஸ்ரீ நம்பரையும் சும்மா நினைக்காத. சிங்கள ஸ்ரீயை எல்லா வண்டியிலயும் போடச் சொல்ல, தமிழ் ஸ்ரீதான் போடுவோம்னு நம்ம ஆட்கள் கிளம்ப, 57, 58-ல தார் பூசாத பலகை இல்ல. பிளக்கு இல்லாமலே தீப்பிடிச்ச மோட்டார் சாமான் அது ஒன்னுதான்.

சரி, உன் பிளக்குக்கு வருவோம். இறக்குமதிப் பூட்டுக் காலத்துல புதுப் பிளக்கு கண்ணால பாக்குறதே பெரிய விசயம். கராஜ்ல மணல் அடிச்சுத் துப்புரவு பண்ற மெசின் ஒன்னு இருக்கும். அதுல வச்சு எடுத்து, பெற்றோல்ல கழுவி, மணல் ஒரு பொட்டு உள்ள நிக்காம ஊதி, நுனியை அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்து, மறுபடி போடுவோம். நான் கராஜ் பொடியனா இருந்தப்ப எங்க பாஸ் ஒரு பிளக்கை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாக்குறதைப் பாத்தா, ஜோசியக்காரன் தோத்தான். கார்க்காரர் எங்க போய் வந்தாரு, எப்படி ஓட்டினாரு, இஞ்சினுக்கு எண்ணெய் எப்ப போட்டாருன்னு சொல்லுவார். மாத்தயா வாயைத் திறக்க முந்தியே பில்லு மனசுல ரெடியாயிடும்.

ஏன்னா பிளக்கு இஞ்சினுக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்த சாட்சி. நீ என்ன பண்றே? சாட்சி சொல்ல வந்தவனைப் பிடிச்சு ஜெயில்ல போட்டுட்டு, அவனை விட விலை கூடின வேற ஒரு சாட்சியைக் கொண்டு வந்து நிறுத்துறே. அவன் மட்டும் பொய்யா சொல்லப் போறான்?

பிளக்குத் தெரிவு பண்றதுல சில விசயத்துல உனக்கு வாயே கிடையாது. மரை 14 மில்லிமீற்றர். நீளம், அதாவது மரை உள்ள போற ஆழம், உன் 948-க்கு முக்கால் இஞ்சி, 19 மில்லிமீற்றர். இது இஞ்சின் தலையில துளை போட்ட வெள்ளைக்காரன் முடிவு பண்ணது. நீயும் நானும் பஞ்சாயத்து வைக்க ஏலாது. ஆனா மைனர்னு பேரு இருந்தா எல்லாம் ஒன்னுன்னு நினைச்சுடாத. 1948-ல முதல்ல வந்த மைனருக்கு 918 சைட்வால்வு இஞ்சின், அதுக்கு வேற பிளக்கு. உன்னுடையது 1956-ல வந்த 948. 1962-ல இருந்து 1098. பக்கத்து வீட்டுப் போக்ஸ்வேகன்காரன் தன் பிளக்கு ரெண்டு மிச்சம் இருக்குன்னு நீட்டினா, கும்பிடு போட்டுட்டு வந்துடு. அதுவும் 14 மரைதான், அழகா உள்ள போகும், ஆனா நீளம் அரை இஞ்சி. கட்டையானதைப் போட்டா, பிளக்கு எட்டாத கடைசி மரையில கரி ஏறி இறுகும். பிறகு சரியானதைப் போடப் போனா அது போகாது, போனா மரையைப் பிச்சுக்கிட்டு வரும். உன் 19-ஐ அந்தப் போக்ஸ்வேகன்ல போட்டா அது இன்னும் பெரிய கூத்து. உள்ள நீட்டிக்கிட்டு நிக்கிற மரை பழுத்துச் சிவக்கும், பிஸ்டன் வந்து அதுல தட்டினாலும் தட்டும். தட்டினா உனக்குக் காது கேக்கும், உன் பர்சுக்கும் கேக்கும்.

நீ வாயைத் திறந்து ஒன்னு சொல்லலாம்னா அது சூட்டு நம்பர்தான். அங்கதான் படிச்சவன் எல்லாம் தலைகீழா நிக்கிறான்.

சூடு பிளக்குன்னா பொறி சூடா வரும், இஞ்சின் சூடாகும்னு எவனாவது சொன்னா, அவனுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுத்து அனுப்பி வை. பொறிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நடுவுல வெள்ளையா ஒரு பீங்கான் மூக்கு இருக்கே, அது நீளமா இருந்தா உள்ள பிடிச்ச சூடு மரைக்கும் தலைக்கும் போய்ச் சேர நேரமாகும். நுனி சூடாவே நிக்கும். அது சூடு பிளக்கு. மூக்கு கட்டையா இருந்தா சூடு சட்டுன்னு இறங்கிடும். அது குளிர் பிளக்கு. நுனி 450 டிகிரிக்கு மேல நின்னாத்தான் மேல படிஞ்ச கரியை அதுவே எரிச்சுச் சுத்தம் பண்ணிக்கும். 870-ஐத் தாண்டிச்சுன்னா பொறி வர முந்தியே பெற்றோலை அதுவே பத்த வச்சிடும், பிஸ்டன் போயிடும். இந்த ரெண்டுக்கும் நடுவுல நுனியை நிறுத்தி வைக்கிறதுதான் உன் சோலி.

இப்ப நம்பரைப் பாரு, சிரிப்பு வரும். என்ஜிகே ஜப்பான்காரன், 1936-ல ஆரம்பிச்ச கம்பனி. அவன்கிட்ட நம்பர் ஏற ஏறக் குளிரு. டென்சோவும் அப்படித்தான். சாம்பியன்ல நம்பர் ஏற ஏறச் சூடு. பொஷ்காரன் இன்னும் கெட்டிக்காரன். பழைய நம்பர்ல 175, 225-ன்னு ஏற ஏறக் குளிரு, புது நம்பர்ல ஏற ஏறச் சூடு. ஒரே வீட்டுக்குள்ளயே அப்பன் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். 6-ன்னு கேட்டு வாங்கிட்டேன்னு நீ சந்தோசமா வருவே. எவன் வீட்டு 6-ன்னு கேட்டியா?

அந்தச் சாம்பியன் கதை தெரியுமா? சாம்பியன்கிறது பட்டமில்ல தம்பி, ஒரு மனுசன் பேரு. அல்பேர் சாம்பியன்னு பிரான்சுக்காரன், சைக்கிள் ஓட்டி. 1899-ல பரிஸ்–ரூபே ஓட்டத்துல முதலா வந்தவன். அமெரிக்கா போய்ப் பொஸ்டன்ல பிளக்கு விக்கிற கம்பனி ஆரம்பிச்சான். சல்லி போட்டவங்களை விட்டுட்டு 1908-ல வேற ஊருக்குப் போனான். போறப்போ பேரை எடுத்துக்கிட்டுப் போக ஏலாமப் போச்சு. சல்லி போட்ட ஸ்ட்ரானஹன் அண்ணன் தம்பிங்க அந்தப் பேர்லயே டொலீடோல கடையைப் பெரிசாக்கிட்டாங்க. இவன் கடைசியில தன் பேரோட ரெண்டு முதலெழுத்தையும் வச்சு ஏசின்னு பிளக்கு வித்தான். ஒரு மனுசன் முழுப் பேரும் ஒரு கம்பனிக்கு, முதலெழுத்து எதிர்க் கம்பனிக்கு. இதைக் கேட்டா நம்ம ஊர்க் காணி வழக்கெல்லாம் ஒன்னுமில்ல.

உன் மைனருக்கு அந்தக் காலத்துல சாம்பியன் என்5-ன்னு புத்தகத்துல போட்டிருக்கும். இப்ப என்9வைசி போடுறாங்க. என்ஜிகேல பிபி6இஎஸ், இல்லாட்டி ஒரு படி சூடா பிபி5இஎஸ். அந்த எழுத்தெல்லாம் மந்திரம் இல்ல. முதல் பி-ன்னா 14 மரை. அடுத்த பி-ன்னா மூக்கு வெளியே நீட்டியிருக்கு. நம்பர் சூட்டுக்கு. இ-ன்னா 19 நீளம். கடைசி எஸ்-ன்னா உள்ள செம்புக் கம்பி. இ இருக்க வேண்டிய இடத்துல எச் இருந்தா அது அரை இஞ்சி, போக்ஸ்வேகன்காரனுக்கு. நடுவுல ஆர் வந்தா உள்ள ரெசிஸ்டர் இருக்கு, ரேடியோவுல கரகரப்பு வராம இருக்க. அது தப்பில்ல. ஆனா தொப்பியிலயும் ரெசிஸ்டர், வயர்லயும் ரெசிஸ்டர், பிளக்குலயும் ரெசிஸ்டர்னு அடுக்கினா, உன் கிழட்டுக் கொயில் எத்தனை பேருக்குத்தான் கப்பம் கட்டும்?

ஐந்தா ஆறான்னு கேப்பே. நான் திருப்பிக் கேக்குறேன்: நீ எங்க ஓட்டப் போறே?

மஹய்யாவல எடுத்து, டவுனுக்கு இறங்கி, ஏ9 நெரிசல்ல முதல் கியர்ல ஊர்ந்து, குளத்தைச் சுத்தி, பிள்ளையை ஸ்கூல்ல இறக்கிட்டு, சோக்கைத் தள்ள மறந்துபோய்த் திரும்பி வர்ற வண்டின்னா, இஞ்சின் சரியாச் சூடேற முந்தியே வீடு வந்துடும். பிளக்கு நுனி 450-ஐப் பாக்கவே பாக்காது. கரி படியும். அந்த வண்டிக்கு ஐந்து போடு. பெரஹரா மாச நெரிசல்னா ரெண்டு படி சூடாவே போடலாம்னு எங்க பாஸ் சொல்லுவார். அது பகிடி, அப்படியே போட்டுத் தொலைச்சிடாத.

நீ கம்பளை, புஸ்ஸல்லாவ தாண்டி றம்பொடை வளைவுல நாலு பேரையும் மூட்டை மரக்கறியையும் ஏத்திக்கிட்டு ரெண்டாம் கியர்ல இழுக்கப் போறவன்னா ஆறு. மேட்டுல பாரம் இழுக்குற இஞ்சின்தான் நுனியைச் சுடும். வேகமா ஓடுறது மட்டும் இல்ல. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், கண்டி 500-ஐ ஒட்டி. மேல போகப் போகக் காத்து மெலிசாகும், காபரேட்டர் அதே பெற்றோலை விடும், கலவை கொழுத்துப் போகும், பிளக்கு கருப்பு பிடிக்கும். அங்க கருப்பாச்சுன்னு பயந்து சூடு பிளக்கைப் போட்டுக்கிட்டு, பிறகு கடுகண்ணாவ மேட்டுல மூச்சுப் பிடிக்க இழுத்தியோ, கதை வேற. சமாளிக்க வேண்டியது காபரேட்டரை. 1934-ல இருந்து நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேத்தப் பந்தயத்துல ஓட்டுறவனும் முதல்ல கலவையைத்தான் பாப்பான், பிறகுதான் பிளக்கு நம்பரை மாத்துவான். நீ ஓட்டுறது பந்தயமா? உன்னைச் சைக்கிள்காரனே முந்திப் போறான்.

புத்தகத்துல உள்ளதைப் போடு. போட்டு நல்லா ஒரு ஓட்டம் ஓட்டு. மேட்டுல இழுக்குறப்பவே சாவியை மூடி, கிளச்சை அமத்தி, ஓரமா நிப்பாட்டிக் கழட்டிப் பாரு. வீட்டு வாசல்ல பத்து நிமிசம் ஐட்லிங்ல விட்டுட்டுக் கழட்டினா, எந்த இஞ்சினும் கருப்பாத்தான் காட்டும். அதைப் பாத்து மருந்து குடுக்குறவன் வைத்தியன் இல்ல. பிரேக் மட்டும் நல்லா இருக்கான்னு முதல்ல பாத்துக்க. இல்லாட்டி நீயும் நம்ம பக்கத்துக்கு நிரந்தரமா வந்துடுவே.

இப்ப நுனியைப் பகல் வெளிச்சத்துல பிடி. டோர்ச் வேண்டாம், டோர்ச்ல எல்லாம் மஞ்சளாத் தெரியும். பீங்கான் மூக்கு லேசான பிஸ்கட் நிறத்துல இருந்தா, மூடிட்டுப் போய்ச் சாப்பிடு. பழைய புத்தகத்துல நல்ல பழுப்புன்னு போட்டிருப்பான். அது ஈயம் கலந்த பெற்றோல் காலம். நம்ம நாட்டுல 2002-ல ஈயத்தை நிப்பாட்டினதுக்கு அப்புறம் நல்ல இஞ்சின்லயும் நிறம் வெளுத்துத்தான் இருக்கும். அதைப் பாத்து மெலிசுக் கலவைன்னு பதறி, காபரேட்டரைத் திருகித் திருகிக் கெடுத்தவன் நிறைய. உலர்ந்த கரி, விரல்ல ஒட்டுற மாதிரி இருந்தா, கலவை கொழுப்பு, இல்லாட்டி நீ சோக்கைத் தள்ளல. ஈரமா, கருப்பா, மினுங்கினா அது எண்ணெய். வால்வுப் பக்கமாவோ ரிங் பக்கமாவோ எண்ணெய் ஏறுது. அதுக்கு எந்தக் கடையிலயும் பிளக்கு கிடையாது. சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா, நுனியில பொட்டுப் பொட்டாக் கொப்புளிச்சிருந்தா, அன்னிக்கே காரை நிப்பாட்டு. அதிக சூடு, இல்ல டைமிங் முந்திப் போயிருக்கு, இல்ல எங்கயோ காத்து உறிஞ்சுது. நாலும் ஒரே நிறமா இருந்தா பொதுவான காரணம். மூணு நல்லா இருந்து ஒன்னு மட்டும் கருப்புன்னா, அந்த ஒரு சிலிண்டர்லதான் விசயம். நாலையும் மாத்திட்டு வந்து, இன்னும் திக்குதுன்னு அழக் கூடாது.

இரிடியத்தை நான் குறை சொல்லல. கெட்ட சாமான் இல்ல. நுனி ஊசி மாதிரி, லேசுல தேயாது, குறைஞ்ச வோல்டேஜ்லயே பாயும். ஆனா எண்ணெய் ஏறுற இஞ்சின்ல அதுவும் எண்ணெய்தான் குடிக்கும். ஒரு லட்சம் கிலோமீற்றர் ஓடும்னு பெட்டியில இருக்கும். உன் கார் அடுத்த சந்தி வரைக்கும் ஓடட்டும், பிறகு பேசிக்கலாம். செம்புப் பிளக்கை அடிக்கடி கழட்டிப் பாத்தா இஞ்சின் நிலைமை தெரியும். விலை கூடினதைக் கழட்ட மனசு வராது. அதுதான் அதுல இருக்குற பெரிய கேடு.

95 பெற்றோல் ஊத்தினாச் சரியாகுமான்னு கேக்காத. உன் இஞ்சினுக்கு 92 தாராளம். 2022-ல க்யூவுல நின்னப்ப எது கிடைச்சாலும் தீர்த்தம்னுதானே குடிச்சோம்.

வாங்குற விசயத்துக்கு வருவோம். கொழும்பு பஞ்சிகாவத்தையில எல்லாம் கிடைக்கும். நல்லதும் கிடைக்கும், நல்லது மாதிரி உள்ளதும் கிடைக்கும். கள்ளப் பிளக்கு இப்ப உலகம் பூரா ஓடுது. பீங்கான்ல எழுத்து கலங்கியிருக்கா, நகத்தால சுரண்டினா வருதான்னு பாரு. மரையில விரலை ஓட்டு, நல்லது வழவழன்னு இருக்கும். அடியில உள்ள வாஷர் வளையம் கையால சுத்தினதும் கழண்டு வந்தா சந்தேகப்படு, என்ஜிகேயோடது லேசுல கழறாது. மேல பக்கக் கம்பி நடு நுனிக்கு நேரா நிக்குதான்னு கண்ணை ஒட்ட வச்சுப் பாரு. ஒருத்தன் எனக்கும் இப்படி ஒன்னை வித்துட்டுப் போனான். அவன் கடை இப்ப எங்க இருக்குன்னு நான் சொல்லமாட்டேன். நானே இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்.

மாட்டுறப்போ இடைவெளி 25 தௌ, அதாவது 0.025 இஞ்சி. பீலர் கேஜ் இல்லன்னா மனசு உடையாத. இரும்பறுக்குற வாள் அலகை எடு, அதோட பக்கத் தடிப்பு ஏறக்குறைய அதே 25 தௌ. எங்க பாஸ் புதுப் பொடியன்கிட்ட கேஜ் குடுக்க மாட்டார், அலகைத்தான் குடுப்பார். லேசா உரசிக்கிட்டுப் போகணும், இறுகவும் கூடாது. வளைக்கிறப்போ பக்கக் கம்பியை மட்டும் வளை. பீங்கானை நெம்பினியோ, அது கீறிடும், உன் கண்ணுக்குத் தெரியாது, மழை நாள்ல தெரியும். சின்ன ரப்பர் குழாய்த் துண்டை பிளக்கு மண்டையில சொருகி, விரலாலயே திருகி இறக்கு. அடி தட்டுற வரைக்கும் ஸ்பெனரைத் தொடவே தொடாத. பிறகு புது வாஷரா இருந்தா அரைச் சுத்து, பழசா இருந்தா எட்டுல ஒரு பங்கு போதும். உன் இஞ்சின் தலை வார்ப்பிரும்பு, கொஞ்சம் பொறுக்கும். போக்ஸ்வேகன் தலை அலுமினியம், அதுல உன் பலத்தைக் காட்டினா மரை கையோட வந்துடும்.

இத்தனையும் சொன்னதுக்குப் பிறகும் உன் கார் திக்குறது பிளக்கால இல்லன்னுதான் எனக்குத் தோணுது. காரை உனக்கு வித்த ஆள், விக்கிறதுக்கு முந்தி புது ரேடியோ ஒன்னு மாட்டியிருக்கான்ல? இந்த மைனருக்கெல்லாம் பொசிட்டிவ் ஏர்த். புது ரேடியோவுக்காக பெட்டரியைத் திருப்பி நெகட்டிவ் ஏர்த்தாக்கியிருப்பான். அதோட கொயில்ல ரெண்டு சின்ன வயரையும் இடம் மாத்தியிருக்கணும், மாத்தினானான்னு பாரு. மாத்தாட்டி பொறி தலைகீழாப் பாயும். நடு நுனியில இருந்து பாயுறதை விட அதுக்குக் கூட வோல்டேஜ் வேணும். சமதரையில தெரியாது, மேட்டுல பாரம் ஏறினதும் திக்கும். உன் கார் எங்க திக்குது? மேட்டுல. கேட்டியா?

பாக்க ஒரு வழி இருக்கு. கையில காஞ்ச துணியைச் சுத்திக்க, வயரை இன்சுலேட்டட் பிளையரால பிடி, இதயம் பலவீனம்னா இதைச் செய்யாத. வயர் முனைக்கும் பிளக்கு மண்டைக்கும் நடுவுல பென்சில் கரியை நீட்டிப் பிடிச்சா, பொறி பென்சிலுக்கும் பிளக்குக்கும் நடுவுலதான் விசிறி, செம்மஞ்சளா எரியணும். வயர் பக்கம் எரிஞ்சா கொயில் தலைகீழ். அதுவும் சரின்னா டிஸ்ட்ரிபியூட்டர்ல பொயின்ட் இடைவெளியையும் கொண்டென்சரையும் பாரு. ஊத்துறாப்புல மழை பெய்யுற நாள்ல தொப்பிக்குள்ள ஈரம் வேற.

ஞாயித்துக்கிழமை வெள்ளென வா. பிளக்கைக் கழட்டி எடுத்துட்டு வா, ஆனா துடைச்சுட்டு வராத, சாட்சி முகத்தைக் கழுவிட்டா என்னத்தைச் சொல்லும். ரேடியேட்டர் பக்கம் முதலாவது. முட்டை அட்டை ஒன்னுல ஒன்னு, ரெண்டு, மூணு, நாலுன்னு எழுதி அந்தந்தக் குழியில வை. நாலையும் ஒரே டப்பாவுல போட்டுக் குலுக்கிக்கிட்டு வந்தேன்னா, நான் உன் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போய்ப் படுத்துடுவேன்.